பலகையில் இல்லாத பெயர்

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடையில், சாலையிலிருந்து சற்று உள்வாங்கியிருக்கும் ஓர் அண்டி ஆபீஸின் வாசலில் நான் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினேன். எங்கள் பகுதியில் முந்திரி ஆலையை ஆலை என்று யாரும் சொல்வதில்லை, அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலையில் 140 பெண்கள் தூக்குச் சட்டியோடு ‘ஆபீசுக்கு’ வருவார்கள். அங்கே உண்மையில் அலுவலகம் என்று இருப்பது என் மாமாவின் மேசையும் ஓர் இரும்பு அலமாரியும் கொண்ட ஒற்றை அறை. நான் மாட்டிய பலகையில் அண்டி உடைக்கும் 60 பெண்களின் பெயர்களும், முந்தைய நாள் ஒவ்வொருவரும் உடைத்துக் கொடுத்த பருப்பின் எடையும், அதில் நொறுங்கியது எத்தனை விழுக்காடு என்பதும் இருக்கும். நொறுங்கல் குறைந்தவர் பெயர் மேலே, கூடியவர் பெயர் கீழே. முதல் ஐந்து பெயர்களைப் பச்சை மையிலும் கடைசி ஐந்து பெயர்களைச் சிவப்பு மையிலும் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் காலையில், 30 ஆண்டுகளாக அண்டி உடைத்துவரும் ஓர் அக்கா பலகையின் முன்னால் நின்று நிதானமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “மக்கா, இதுல எங்களுக்க பேரு எல்லாம் கெடக்கு. அண்டிய எப்ப வேவிச்சதுண்ணு எழுதின எடத்த காணல்லியே?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கவும் இல்லை. அவர் பெயர் அன்று பச்சை மையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மையில் இருந்தவர் கேட்டிருந்தால் அதை ஒரு சாக்குப்போக்கு என்று எளிதாகத் தள்ளிவிட்டிருப்பேன்.

நான் அந்தப் பலகையை மாட்டியது கெட்ட எண்ணத்தால் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின் அதைச் சுற்றி முளைத்த உதிரிபாக ஆலைகளுள் ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு பலகை இருக்கும். மணிக்கு எத்தனை உருப்படி, எத்தனை கழிவு, எந்த இயந்திரம் எத்தனை நிமிடம் நின்றது என்று அதில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். பத்து மணிக்கு நேர்ந்த ஒரு கோளாறு பத்தேகால் மணிக்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க் கடைகளையும் கம்பெனிகளையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு புது உலகம். இங்கே ஒரு கோளாறு முதலாளியின் காதுக்குப் போகுமுன் மூன்று பேரின் வாயில் புகுந்து மூன்று வேறு கதைகளாகிவிடும். ஆகவே, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான் ஊரோடு திரும்ப நேர்ந்தபோது, “வந்து நிர்வாகத்த பாரு” என்று மாமா அழைத்ததும், பலகையும், வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் ஜப்பானிய முறையான ஃபைவ் எஸ்ஸும், காலைப் பத்து நிமிடக் கூட்டமும் என் பெட்டியோடு கூடவே வந்தன.

முதல் இரண்டு மாதங்கள் எனக்கே என்மீது மதிப்பு வரும்படி நடந்தன. சாக்குகளை வந்த கப்பலின்படி தனித்தனி அட்டியாக அடுக்கினோம். தோல் உரிக்கும் பெண்கள் ஜன்னல் வெளிச்சத்துக்காகக் கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய மேசைகளுக்கு மேல் விளக்குகள் போட்டோம். ஆளுக்கொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்த கூடைகளுக்கும் தட்டுகளுக்கும் சுவரில் இடம் குறித்தோம். மாமா பூரித்துப் போனார். வந்த உறவினர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். இந்த மாற்றங்களில் எதுவுமே அவரிடம் எதையும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பலகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. முந்திரித் தொழிலில் கொட்டையின் தரத்தை இன்னும் ராத்தலில்தான் பேசுகிறார்கள்: 80 கிலோ சாக்கு ஒன்றிலிருந்து எத்தனை ராத்தல் நல்ல பருப்பு கிடைக்கும் என்பதே அளவு. 48 ராத்தல் என்றால் நல்ல சரக்கு என்று முகம் மலரும். ஏற்றுமதி டின் ஒன்றின் கொள்ளளவு 25 ராத்தல், அதாவது 11.34 கிலோ. நாங்கள் நாளொன்றுக்கு 25 சாக்கு உடைக்கிறோம். சாக்குக்கு ஒரே ஒரு ராத்தல் குறைந்தாலும் நாளுக்குச் சரியாக ஒரு டின் பருப்பு காணாமல் போகிறது. இது எடைக்கணக்கு மட்டும். முழுப்பருப்புக்கும் நொறுங்கலுக்கும் உள்ள விலை வேறுபாடு இதைவிடப் பெரியது. ‘320’ என்று சந்தையில் சொல்லப்படும் வெள்ளை முழுப்பருப்பு, ராத்தலுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் ரகம்; ‘180’ என்றால் அதைவிடப் பருத்தது, விலையும் அதற்கேற்றது. கத்தி அரை மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டால், நேற்று வரை 180ஆக இருந்திருக்க வேண்டியது இன்று மிட்டாய்க் கடைக்குப் போகும் துண்டாகிவிடும். இத்தனை பணமும் அந்த அறுபது பெண்களின் விரல் நுனியில் நிற்கிறது என்று நான் நினைத்தேன். ஆகவே அந்த விரல்களை அளந்தேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

கன்னியாகுமரியில் அண்டி ஆபீசுகள் இத்தனை பெருகியது எப்படி என்பதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு வாக்கியத்தில் சொல்வார்கள்: கொல்லத்தில் கூலி கூடியது, இங்கே கூடவில்லை. 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலமாக இருந்த நிலத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்ததும், கோட்டின் இரு பக்கமும் கூலிச் சட்டங்கள் வேறுவேறாக வளர்ந்தன. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலியும் சங்கங்களும் வலுப்பெற்றன. மூடிய ஆலைகளை எடுத்து நடத்த அந்த அரசு 1969இல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தையே தொடங்கியது. முதலாளிகளில் பலர் சாக்குகளையும் உலைகளையும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். அதாவது, எங்கள் மாவட்டத்தில் இந்தத் தொழிலின் நிர்வாகம் நெடுங்காலம் ஒரே ஓர் உத்தியைத்தான் நம்பியிருந்தது. பெண்களின் கைகள் எங்கே மலிவோ அங்கே ஆலையை நகர்த்துவதே அந்த உத்தி. நகர்த்த இடம் இருக்கும்வரை வேறு எதையும் யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இடம் தீர்ந்தது இரண்டு வகையில். 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட வியட்நாம், இருபது ஆண்டுகளுக்குள் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டது. கொட்டையை அளவுவாரியாகப் பிரிக்கும் இயந்திரம், உடைக்கும் இயந்திரம், காற்றடித்துத் தோல் நீக்கும் இயந்திரம், கேமரா கொண்டு நிறம் பிரிக்கும் இயந்திரம் என்று வரிசையாக அங்கே வந்துவிட்டன. இங்கே அதே காலத்தில் அண்டி உடைத்தவர்களின் பெண்பிள்ளைகள் படித்து நர்சாகவும் ஆசிரியராகவும் போனார்கள். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் இது, 91 விழுக்காட்டுக்கு மேல். அம்மாவின் விரல்களில் அண்டி எண்ணெய் அரித்த கறுப்பைப் பார்த்து வளர்ந்த எந்தப் பெண்ணும் அந்த மணையில் உட்கார விரும்ப மாட்டாள். விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டாலும் அந்தக் கறுப்பு முழுதாகப் போவதில்லை. எங்கள் ஆபீசில் உடைக்கும் பெண்களில் 40 வயதுக்குக் குறைந்தவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். என் பலகை அவர்களை அவ்வளவு கூர்மையாகக் குத்தியதற்கும் அந்த எழுத்தறிவே காரணம். ஒவ்வொருவரும் தன் பெயரை வாசித்தார்கள்; மற்றவர் பெயரையும் வாசித்தார்கள்.

மூன்று நோட்டுகள்

அக்காவின் கேள்வியை அன்று பகல் முழுவதும் ஒரு குறும்புக் கேள்வியாகவே மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். மாலையில், தொடர்ந்து ஒன்பது நாள் சிவப்பு மையில் இருந்த ஒரு பெண், கணக்குத் தீர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. “அங்கண ஒரு ஆபீசு வீட்டுக்கு பக்கம் கெடக்கு சாறே” என்றார். அது காரணமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. பலகையில் எழுதுவதற்காக நான் வைத்திருந்த நோட்டையும், சாக்கு உள்ளே வந்து வெளியே போவதைக் குறிக்கும் வாசல் நோட்டையும், பாய்லர்காரர் எரிபொருள் கணக்குக்காக வைத்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாய்லருக்கு எங்கள் அண்டித் தோடே, அதாவது கொட்டையின் ஓடே, எரிபொருள். எத்தனை கூடை தோடு போட்டார், எத்தனை மணிக்கு ஆவி திறந்தார் என்பதை அவர் ஒழுங்காக எழுதி வந்திருந்தார். அதை எழுதச் சொன்னவர் யாருமில்லை. அவருக்கு முன்னிருந்தவர் எழுதினாராம், இவரும் எழுதுகிறார்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் பார்த்தது விளங்கும். உலர்ந்த கொட்டையை ஆவியில் வேகவைத்து, தரையில் பரப்பி, ஆறவிட வேண்டும். ஆற ஆறத்தான் தோடு விறைத்து, உள்ளிருக்கும் பருப்பு சுருங்கித் தோட்டிலிருந்து விலகி நிற்கும். கையால் ஒரு பிடியும் காலால் ஒரு மிதியுமாக இயங்கும் கத்தியில் வைத்து உடைக்கும்போது அந்த விலகல்தான் பருப்பைக் காப்பாற்றுகிறது. இரவு முழுக்க ஆறிய கொட்டை ‘டக்’ என்று இரண்டாகும். ஆறாத கொட்டை கத்தியோடு வழுக்கும். உடைத்தபின் ‘போர்மா’ என்னும் சூட்டறையில் ஏழெட்டு மணி நேரம் உலர்த்தித் தோல் உரிப்பது, ரகம் பிரிப்பது, டின்னில் அடைப்பது எல்லாம் பிறகு வருபவை. உடைப்பில் போனது அங்கே எங்கும் திரும்பி வராது.

மூன்று நோட்டுகளையும் நாள்வாரியாகக் கோத்தபோது கண்ணில் பட்டது இதுதான். சில நாட்களில் மாலையிலேயே ஆவி திறக்கப்பட்டிருந்தது. சில நாட்களில் இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும். தாமதமான நாட்களில் அறுபது பெயர்களுக்கு எதிரேயும் நொறுங்கல் கூடியிருந்தது. பச்சை மை அக்காவுக்கும்தான். அது மட்டும் என்றால் ஒருவகையில் சமாளித்திருப்பேன், ஏனெனில் எல்லோருக்கும் சமமாகக் கூடினால் வரிசை மாறாது. ஆனால் வரிசையும் ஒரு கதை சொன்னது. கொட்டையைத் தரையில் பரப்பும்போது முதலில் வந்தது வாசல் பக்கமும் கடைசியாக வந்தது பாய்லர்ச் சுவர்ப் பக்கமும் கிடக்கும். காலையில் கூடையில் அள்ளுபவர் அந்தந்தப் பக்கத்துக் கொட்டையை அந்தந்தப் பக்கத்து வரிசைக்கே கொடுப்பார்; நடை மிச்சம். ஆகவே பாய்லர்ச் சுவரை ஒட்டி உட்காருபவர்களுக்கு எப்போதும் கடைசியில் வெந்த, குறைவாக ஆறிய கொட்டை. சிவப்பு மைப் பெயர்களை எடுத்து இருக்கைகளோடு பொருத்தினேன். ஐந்தில் நான்கு அந்தச் சுவரோரம். ஒன்பது நாள் சிவப்பில் இருந்து கணக்குத் தீர்த்துப் போனவரின் இடம் சுவர் மூலை.

பாய்லரை எப்போது திறப்பது என்பதை முடிவு செய்வது பாய்லர்காரர் அல்லர். மாமா போனில் சொல்வார். தூத்துக்குடியிலிருந்து லாரி வந்துசேரும் நேரம், வங்கியில் சரக்கை விடுவிக்கும் நேரம், போர்மாவில் இடம் காலியாகும் நேரம், வாங்குபவரின் கப்பல் தேதி என்று அவர் தலையில் ஓடும் பல கணக்குகளின் முடிவில் அந்தப் போன் வரும். அவர் தவறாகச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்த நெருக்கடியில் நானும் அதையே சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அந்தப் போன் எந்த நோட்டிலும் இல்லை. அதன் விளைவு மட்டும் அறுபது பெண்களின் பெயர்களுக்கு நேரே, விழுக்காட்டுப் புள்ளி வரை துல்லியமாக, என் அழகான கையெழுத்தில் இருந்தது.

சிவப்பு மணிகள்

எனக்கு வெட்கம் தந்தது வேறொன்று. இதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். எங்கள் பழைய கம்பெனியின் பயிற்சி அறையில் டெமிங்கின் படம் மாட்டியிருக்கும். 1950இல் ஜப்பானுக்குப் போய் அங்கத்துப் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தரக் கட்டுப்பாட்டைப் பற்றி வகுப்பெடுத்த அமெரிக்கர். ஜப்பானியர் அவர் பெயரிலேயே ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். 1998இல் நம் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு அந்தப் பரிசை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தேர்வுக் கேள்வி. அவர் வகுப்புகளில் நடத்திக் காட்டிய மணி விளையாட்டையும் எங்களுக்குச் செய்துகாட்டினார்கள். ஒரு தட்டு நிறைய வெள்ளை மணிகள், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகள். 50 குழிகள் கொண்ட ஒரு கரண்டியை ஒவ்வொருவரும் தட்டில் முக்கி எடுக்க வேண்டும், சிவப்பு வரக்கூடாது. சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடியவருக்கு ஏச்சு, கடைசியில் வேலைநீக்கம். தட்டில் சிவப்பைக் கலந்தவர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறாண்டுகள் கழித்து ஊருக்கு வந்து, சிவப்பு மையை என் காசில் வாங்கினேன்.

இது என் தனிப்பட்ட மந்தபுத்தி மட்டுமாக இருந்தால் இத்தனை நீளமாக எழுத மாட்டேன். வேகமாகத் தொழில்மயமாகும் நாடுகளில் நிர்வாக முறைகள் பயணம் செய்யும்போது அவற்றின் கருவிகள் முதலில் வந்து இறங்கிவிடுகின்றன. அந்தக் கருவிகள் யாரைக் கேள்வி கேட்கச் செய்யப்பட்டனவோ அவர் மட்டும் வழியிலேயே இறங்கிக்கொள்கிறார். 1911இல் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சிந்திப்பவர் வேறு, செய்பவர் வேறு என்று பிரித்தபோதும், சிந்திப்பவருக்கு ஒரு கடமையை வைத்திருந்தார்: வேலையை ஆராய்ந்து, கருவியையும் பொருளையும் சீராக்கிக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. நம்மிடம் வந்துசேர்ந்தது தொழிலாளியின் வேலையை நேரம் பார்த்து அளக்கும் நிறுத்தற்கடிகாரம் மட்டும். இந்தியாவில் உற்பத்தித்திறனுக்கென்று தேசிய அளவில் ஒரு குழு அமைந்தது 1958இல். அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் நிர்வாகக் கல்விக் கழகங்கள் எழுந்தது 1961இல். அவற்றுக்கும் முன்பே, 1953இல், அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் ரைஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தானியங்கித் தறிக்கூடம் ஒன்றில் ஒரு சோதனையைத் தொடங்கினார். புதுத் தறிகள் வந்தும் துணியின் அளவும் தரமும் கூடவில்லை. வேலை துண்டுதுண்டாகப் பிரிந்து கிடந்ததால் ஒரு தறிக்கு யார் பொறுப்பு என்றே தெரியாத நிலை. சிறு சிறு குழுக்கள், குழுவுக்கென்று சில தறிகள் என்ற யோசனையை அவர் சொன்னதும், குழுக்களைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசி அமைத்துக்கொண்டார்கள். விளைச்சல் கூடியது, சேதம் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள் ஒரு கூடத்தில் அந்த முறை நிலைத்திருப்பதையும் மற்ற இடங்களில் பழையபடி ஆகிவிட்டிருப்பதையும் கண்டார்கள்.

எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது மும்பைக்கு அருகே 17 நெசவு நிறுவனங்களில் நடந்த ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் அதைத் தொடங்கினார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் ஐந்து மாதம் நிர்வாக ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். தரையைச் சுத்தமாக வைப்பது, நூல் இருப்பைக் கணக்கெடுப்பது, குறைகளைக் குறித்துவைத்துத் தினமும் கூடிப் பேசுவது என்று 38 சாதாரணப் பழக்கங்கள்தாம். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. அப்படியானால் ஏன் முன்பே செய்யவில்லை என்ற கேள்விக்குப் பல முதலாளிகள், தங்கள் தரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பியிருந்ததே விடையாக வந்தது. இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது: ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதே. வெளியாளை நம்பிப் பொறுப்பை விட மாட்டார்கள். மகனோ தம்பியோ இல்லாமல் அடுத்த ஆலை இல்லை. இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. மாமாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நான் ஏன் அழைக்கப்பட்டேன் என்பது எனக்கு அதற்குமுன் அவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. அந்தப் பெண்பிள்ளைகளில் மூத்தவள் பெங்களூரில் கணக்காய்வாளர், என்னைவிடக் கெட்டிக்காரி, அவளை யாரும் அழைக்கவில்லை.

மாமாவின் டைரி

மறுநாள் காலையில் மூன்று நோட்டுகளையும் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் முழுதாகக் கேட்டார். கேட்கும் பொறுமை அவருக்கு எப்போதும் உண்டு. பிறகு சொன்னார்: “எடே, நீ கம்பெனியில படிச்சது காறுக்கு. அண்டி காறு இல்ல, கேட்டியா. கச்சவடம்ணா ஒருத்தன் தலையில இருக்கணும், பத்து பேருக்க கண்ணுல இருக்கப்பிடாது.”

அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி இருக்கும். ஐவரி கோஸ்ட் கொட்டை என்ன விலைக்கு, தான்சானியாக் கொட்டை என்ன விலைக்கு, எந்தத் தரகர் எத்தனை ராத்தல் என்று சொல்லி விற்றார், உண்மையில் எத்தனை நின்றது, வங்கிக்கு எவ்வளவு, எல்லாம் அதில்தான். இந்தத் தொழிலின் செலவில் மிகப் பெரிய பங்கு பச்சைக் கொட்டைக்கே போகிறது. கப்பல் ஏறும்போது பேசிய விலை, சரக்கு தூத்துக்குடியில் இறங்கி, உடைபட்டு, டின்னில் அடைபட்டு விற்கும்போது சந்தையில் நிற்கும் விலை, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மாதங்களில் ஒரு முதலாளி பணக்காரராகவும் ஆகலாம், கடனாளியாகவும் ஆகலாம். அறுபது பெண்களும் ஓராண்டு முழுக்கப் பச்சை மையிலேயே உடைத்துக் கொடுத்தாலும், ஒரே ஒரு கப்பலைத் தப்பான வாரத்தில் வாங்கிய நட்டத்தை ஈடுகட்ட முடியாது. அந்தக் கணக்கு எனக்கும் காட்டப்பட்டதில்லை. தொழிலில் அளக்க வேண்டிய மிகப் பெரிய பொருள் அந்தச் சட்டைப் பையில் இருந்தது; நான் வாசலில் நின்று விரல்களை அளந்துகொண்டிருந்தேன்.

மாமாவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் தலைமுறையில் கணக்கைத் திறந்து வைத்தவர்கள் தரகரிடமும் வங்கியிடமும் ஏமாந்த கதைகள் எத்தனையோ உண்டு. மறைத்து வைப்பது அவருக்குத் திருட்டுத்தனம் அல்ல, தற்காப்பு. ஆவி திறக்கும் நேரத்தை எழுதினால் போதும், டைரியைக் கேட்கவில்லை என்று நான் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “செரி, ஒரு மாசம் பாப்போம்” என்றார். அவரை அசைத்தது என் நோட்டுகள் அல்ல என்றே நினைக்கிறேன். கணக்குத் தீர்த்துப் போன அந்த மூலைப் பெண்ணின் அம்மா, இந்த ஆபீஸ் தொடங்கிய நாளில் முதல் சாக்கை உடைத்தவர்களில் ஒருவர். அதை மாமாவே மெதுவாகச் சொன்னார்.

பழைய பலகையை அழித்தேன். புதியதில் பெயர்கள் இல்லை. எந்தக் கப்பல் சரக்கு, ஆவி திறந்த நேரம், ஆறிய மணி, எந்த வரிசையில் எவ்வளவு நொறுங்கல் என்ற நான்கு கட்டங்கள். கடைசியில் ஐந்தாவதாக, ஆவி திறக்கச் சொன்னவரின் ஒப்பு. கொட்டையை அள்ளிக் கொடுக்கும் வரிசையையும் நாள்தோறும் மாற்றினோம். அந்த ஐந்தாவது கட்டத்தில் மாமா தினமும் காலையில் வந்து, மார்க்கர் பேனாவை வாங்கி, பெயரின் முதலெழுத்தைப் போடுவார். பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார்கள். ஆறிய மணி என்ற கட்டத்தில் 12க்குக் கீழே எண் வருவது அபூர்வமாயிற்று. நொறுங்கல் எவ்வளவு குறைந்தது என்று இங்கே எழுதி என்னை நானே மெச்சிக்கொள்ள விரும்பவில்லை. சாக்குக்கு ஒரு ராத்தல் என்ற என் பழைய கணக்கு வீண் போகவில்லை என்று மட்டும் சொல்லலாம். மூலைப் பெண்ணைத் திரும்ப அழைக்க இருமுறை போனேன். அவர் காபி கொடுத்தார், வரவில்லை.

மும்பை ஆலைகளின் கதையில் ஒரு பின்கதை உண்டு. அதே ஆய்வாளர்கள் 2017இல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, தொடங்கிவைத்த பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர்கள் மாறிப் போனது ஒரு காரணம். முதலாளிகளுக்கு அதற்கு நேரமில்லாமற்போனது இன்னொன்று. எங்களிடம் அதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகவில்லை. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் மாமா தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தார். ஐந்தாவது கட்டம் ஒரு நாள் காலியாகக் கிடந்தது. பிறகு மூன்று நாள். பிறகு காலியாக இருப்பதே வழக்கமாயிற்று. நான் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். போட்டால் அது பொய்யாகிவிடும். பச்சை மை அக்கா தினமும் காலையில் அந்தக் கட்டத்தின் முன் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையில் நான் வரும்போது அந்தக் காலிக் கட்டத்தில் யாரோ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ஆப்சென்ட். ஒரு பெண் ஒரு நாள் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் நாங்கள் எழுதும் அதே சொல். அழிக்கத் துணியை எடுத்த நேரத்தில் மாமாவின் கார் உள்ளே வந்தது. அவர் இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையைக் கிட்டே போய் வாசித்தார். எழுதியது யார் என்று கேட்கவில்லை. உடைப்புக் கூடத்தில் கத்திகளின் சத்தம் ஒரு கணம் குறைந்து மறுபடி எழுந்தது. மாமா அறைக்குள் போகாமல் பாய்லர்ப் பக்கமாக நடந்து போய், ராத்திரி எத்தனை மணிக்கு ஆவி திறந்தாய் என்று கேட்பது என் காதில் விழுந்தது.